“அது மருந்து இல்லையே டாக்டர்!”: ஒரு தூக்க மாத்திரையின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)

மெட்ரோவில் ஹெட்போன் மாட்டிக்கிட்டு கேட்கிறவங்களுக்கும் வணக்கம், ராத்திரி ஒரு மணிக்குத் தூக்கம் வராம கேட்கிறவங்களுக்கும் வணக்கம். இன்னைக்கு எபிசோட் முக்கியமா அந்த ரெண்டாவது ஆட்களுக்குத்தான்.

டாக்டர்கிட்ட போறோம். “வேற ஏதாவது மாத்திரை எடுத்துக்கறீங்களா?”ன்னு கேட்கிறார். “இல்ல டாக்டர்”னு சொல்றோம். ஆனா வீட்டு ஷெல்ஃபில் மெலடோனின் ஒரு டப்பா, மெக்னீசியம் ஒரு டப்பா, அஸ்வகந்தா ஒரு டப்பா இருக்கும். பொய் சொல்லணும்னு சொல்லல. அதெல்லாம் மருந்துக் கணக்கிலேயே வராதுன்னு நம்ம மனசுல பதிஞ்சு போச்சு. தூக்கத்துக்கு, மூடுக்கு, ஸ்ட்ரெஸ்ஸுக்கு ஒரு சப்ளிமென்ட். அவ்வளவுதான்.

1989-ல் அமெரிக்காவில் சில டாக்டர்கள் இதே கேள்வியைக் கேட்டார்கள். அவர்களுடைய நோயாளிகள் யோசித்து, எடுப்பதையெல்லாம் சொன்னார்கள். அந்தப் பதிலில் இருந்துதான் சப்ளிமென்ட் வரலாற்றின் மிகப் பெரிய விபத்துகளில் ஒன்று வெளியே வந்தது. அதில் மாட்டிய பொருளின் பெயர் ட்ரிப்டோஃபன்.

பாலில் கிடைத்த பொருள்

ராத்திரி தூக்கம் வரலைன்னா “வெதுவெதுன்னு ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டுப் படு”ன்னு அம்மா சொல்லுவாங்க இல்லையா? ட்ரிப்டோஃபனை முதலில் பிரித்து எடுத்ததும் பாலில் இருந்துதான். 1901-ல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஃபிரெடரிக் கவுலண்ட் ஹாப்கின்ஸ், சிட்னி கோல் என்ற இருவரும் பாலில் இருக்கும் கேசின் புரதத்தை உடைத்து இந்த அமினோ அமிலத்தைப் பிரித்தார்கள்.

1906-ல் ஹாப்கின்ஸும் எடித் வில்காக்கும் சுண்டெலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். சோளப் புரதத்தில் ட்ரிப்டோஃபன் கிடையாது. அதை மட்டுமே புரதமாகக் கொடுத்தால் எலிகள் சீக்கிரம் செத்துப் போயின. அதோடு ட்ரிப்டோஃபன் சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் நாள் உயிரோடு இருந்தன. நம் உடம்பால் இதைத் தயாரிக்க முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வந்தாக வேண்டும். ஹாப்கின்ஸுக்குப் பிற்பாடு, வைட்டமின் ஆராய்ச்சிக்காக, 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, தூக்கத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

1948-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மாரிஸ் ராப்போர்ட் குழு ரத்தத்தில் இருந்து ஒரு பொருளைப் பிரித்து எடுத்து, செரட்டோனின் என்று பெயர் வைத்தது. சில வருடங்களில் பெட்டி ட்வாராக் என்ற இளம் ஆராய்ச்சியாளர் அது மூளையிலும் இருப்பதைக் காட்டினார். நம் உடம்பு செரட்டோனினைத் தயாரிப்பது ட்ரிப்டோஃபனில் இருந்து. அந்தச் செரட்டோனினில் இருந்து தயாராவது மெலடோனின். ட்ரிப்டோஃபன், செரட்டோனின், மெலடோனின்: இந்த வரிசையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. இன்னைக்கு நம்ம கதை முழுக்க இந்த ஒரே ரோட்டில்தான் போகுது.

மன அழுத்தத்துக்கான மருந்துகள் மூளையின் செரட்டோனினோடு சம்பந்தப்பட்டவை என்று தெரிந்ததும் ஒரு யோசனை பிறந்தது. மூலப்பொருளையே கூடுதலாகக் கொடுத்தால் என்ன? 1963-ல் அலெக் காப்பன் என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவரின் குழு, மன அழுத்த மருந்தோடு ட்ரிப்டோஃபன் சேர்த்துக் கொடுத்து, பலன் கூடுவதாகச் சொன்னது. 1970-களில் பாஸ்டனின் எர்னஸ்ட் ஹார்ட்மன், ஒரு கிராம் ட்ரிப்டோஃபன் எடுத்துக்கொண்டவர்கள் சீக்கிரம் தூங்கிவிடுவதைப் பார்த்தார்.

அப்போ பால் போதாதான்னு கேட்பீங்க. ஒரு டம்ளர் பாலில் இருக்கும் ட்ரிப்டோஃபன் ஒரு கிராமைவிட ரொம்பக் குறைவு. அதோடு இன்னொரு சிக்கல் இருக்கிறது. ரத்தத்தில் இருந்து மூளைக்குள் போக ஒரு வாசல் உண்டு. அதில் நுழைய ட்ரிப்டோஃபன் வேறு சில அமினோ அமிலங்களோடு போட்டி போட வேண்டும். பாலில் அவையெல்லாம் நிறைய இருக்கின்றன. பீக் அவர்ல ஷேர் ஆட்டோவுக்கு நிக்கிற மாதிரி, கூட்டத்தில் ட்ரிப்டோஃபனுக்கு சீட் கிடைப்பது கஷ்டம். 1971-ல் எம்.ஐ.டி.யின் ஜான் ஃபெர்ன்ஸ்ட்ராம், ரிச்சர்ட் வர்ட்மன் இருவரும் எலிகளில் இதை ஆராய்ந்து, ரத்தத்தில் ட்ரிப்டோஃபன் கூடினால் மூளையில் செரட்டோனினும் கூடுகிறது என்று காட்டினார்கள். வர்ட்மன் பெயரை மறந்துடாதீங்க, திரும்ப வருவார்.

அம்மாவோட பால் நிம்மதி தரலாம். ஆனா மாத்திரை செய்யற வேலையை அது செய்யும்னு சொல்ல முடியாது. சாப்பாட்டில் இருக்கும் ஒரு பொருளும், அதையே தனியாகப் பிரித்துக் கிராம் கணக்கில் விழுங்குவதும் ஒன்று இல்லை.

மூன்று பெண்கள், ஒரு கேள்வி

1980-களில் அமெரிக்கக் கடைகளில் ட்ரிப்டோஃபன் மாத்திரை சர்வ சாதாரணம். தூக்கமின்மைக்கு, மனச்சோர்வுக்கு, மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் எரிச்சலுக்கு என்று வாங்கினார்கள். அதிகம் வாங்கியவர்கள் பெண்கள். சில டாக்டர்களே சிபாரிசு செய்தார்கள். தூக்க மாத்திரை என்றால் பழக்கமாகிவிடும் என்று பயம். இதுவோ சாப்பாட்டில் இருக்கிற பொருள். யாருக்குச் சந்தேகம் வரும்?

1989-ன் இரண்டாம் பாதியில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் சில பெண்கள் விநோதமான நோயோடு டாக்டர்களிடம் வந்தார்கள். தாங்க முடியாத தசைவலி. ரத்தப் பரிசோதனையில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு எக்கச்சக்கமாக இருந்தது.

நம்ம வீடுகளில் ‘ஈஸ்னோபீலியா’ன்னா தும்மல், வீசிங்னுதான் நினைப்போம். இங்கே நடந்தது வேறு. சாதாரணமாக ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் இந்த அணுக்கள் 500-க்குள் இருக்கும். இந்த நோயாளிகளிடம் ஆயிரக்கணக்கில் இருந்தன. தோல் தடித்தது, கை கால் வீங்கியது, சிலருக்கு நரம்பும் நுரையீரலும் பாதிக்கப்பட்டன.

லாஸ் அலமோஸ் ஊரில் ஃபிலிப் ஹெர்ட்ஸ்மன் என்ற குடும்ப டாக்டர், சான்டா ஃபேயில் இன்னொரு டாக்டர். இருவரிடமும் ஒரே மாதிரி நோயாளிகள். டாக்டர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக் குறிப்புகளை ஒப்பிட்டபோது ஒரு விஷயம் பொதுவாக இருந்தது. அந்தப் பெண்கள் எல்லோரும் ட்ரிப்டோஃபன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1989 அக்டோபர் 30 அன்று மூன்று நோயாளிகளைப் பற்றிய தகவல் மாநில சுகாதாரத் துறைக்குப் போனது.

ஒரு நிமிஷம் இங்கே நிறுத்துறேன். அந்தப் பெண்கள் “அது மருந்து இல்லையே”ன்னு நினைச்சு ட்ரிப்டோஃபனைச் சொல்லாம விட்டிருந்தா? மூன்று பேரின் நோயும் மூன்று தனித்தனிப் புதிராகவே இருந்திருக்கும். கடைகளில் மாத்திரை விற்றுக்கொண்டே இருந்திருக்கும்.

நவம்பர் 7 அன்று ‘ஆல்புகர்க்கி ஜர்னல்’ பத்திரிகையில் தமார் ஸ்டீபர் என்ற நிருபர் இதை எழுதினார். செய்தி பரவியதும் மற்ற மாநிலங்களில் இருந்தும் “எனக்கும் இப்படித்தான்” என்று அழைப்புகள் வந்தன. நவம்பர் 11 அன்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., ட்ரிப்டோஃபனை நிறுத்தச் சொல்லி எச்சரித்தது. நவம்பர் 17 அன்று கடைகளில் இருந்து அதைத் திரும்பப் பெறும் உத்தரவு வந்தது. முதல் தகவலுக்கும் இதற்கும் இடையில் மூன்று வாரம்கூட இல்லை. ஸ்டீபருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு கிடைத்தது.

நோய்க்கு ஈசினோஃபீலியா-மயால்ஜியா சிண்ட்ரோம் என்று பெயர் வைத்தார்கள். 1,500-க்கும் அதிகமானவர்கள் பாதிக்கப்பட்டார்கள். குறைந்தது 37 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் பலருக்கு வலி வருடக்கணக்கில் போகவில்லை. நல்லாத் தூங்கணும்னு ஆசைப்பட்டதைத் தவிர இவங்க ஒரு தப்பும் செய்யல.

பத்து கிலோ கரித்தூள்

சாப்பாட்டில் இருக்கிற பொருள் எப்படி ஆளைக் கொல்லும்? ட்ரிப்டோஃபனைக் கோடிக்கணக்கானவர்கள் தினமும் உணவில் சாப்பிடுகிறார்கள். மாத்திரையாகவும் பல வருடம் எடுத்திருக்கிறார்கள். அப்படியென்றால் 1989-ல் என்ன மாறியது?

அமெரிக்காவில் விற்ற மாத்திரைகளின் டப்பாவில் பலப்பல பிராண்ட் பெயர்கள். ஆனால் உள்ளே இருந்த தூள் ஜப்பானில் இருந்து வந்தது. ஆறு நிறுவனங்கள்தான் தயாரித்தன. ஆய்வாளர்கள் டப்பாவில் இருந்த லாட் எண்ணைப் பிடித்து, மாத்திரை அடித்தவர், மொத்த வியாபாரி, இறக்குமதியாளர் என்று பின்னாலேயே போனார்கள். மின்னசோட்டா ஆய்வில், தூள் எங்கிருந்து வந்தது என்று தெரிந்த 30 நோயாளிகளில் 29 பேர் ஒரே நிறுவனத்தின் ட்ரிப்டோஃபனைச் சாப்பிட்டிருந்தார்கள். நோய் வராத 35 பேரில் 21 பேர்தான் அந்த நிறுவனத்தின் பொருளைச் சாப்பிட்டிருந்தார்கள். அந்த நிறுவனம் ஷோவா டென்கோ.

ட்ரிப்டோஃபனைப் பாலில் இருந்து எடுப்பதில்லை. பெரிய தொட்டியில் பாக்டீரியாவை வளர்த்து, அது சுரப்பதைப் பிரித்துச் சுத்தம் செய்கிறார்கள். 1988 கடைசியில் ஷோவா டென்கோ, மரபணு மாற்றம் செய்த, கூடுதலாகச் சுரக்கும் ஒரு புதிய பாக்டீரியா ரகத்துக்கு மாறியது. ஏறக்குறைய அதே காலத்தில் வடிகட்டும் முறையிலும் மாற்றம். ஒவ்வொரு தொட்டிக்கும் போடும் கரித்தூளை 20 கிலோவில் இருந்து 10 கிலோவாகக் குறைத்தார்கள். அழுக்கை உறிஞ்சி எடுப்பதுதான் அந்தக் கரித்தூளின் வேலை.

இத்தனைக்கும் அந்தத் தூள் 99 சதவீதத்துக்கும் மேல் தூய்மையானது. மருந்துத் தர அளவுகோலில் பாஸ் ஆகிவிடும். பிரச்சினை மிச்சம் இருந்த அந்தத் துளியில். அதில் பல வேற்றுப் பொருட்கள் இருந்தன. இரண்டு ட்ரிப்டோஃபன் மூலக்கூறுகள் ஒட்டிக்கொண்ட மாதிரியான ஒரு பொருள் மீது சந்தேகம் அதிகம் விழுந்தது. அதற்கு ஈ.பி.டி. என்று பெயர்.

கதையை இங்கே “வில்லன் கிடைச்சாச்சு”ன்னு முடிச்சா நல்லா இருக்கும். ஆனா அப்படி முடியல. ஈ.பி.டி. மட்டும்தான் காரணம் என்று இன்றுவரை நிரூபணம் ஆகவில்லை. பாக்டீரியாவும் கரித்தூளும் ஒரே காலத்தில் மாறியதால் எது தப்பு செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1988-க்கு முன்பும் இந்த நோய் சிலருக்கு வந்திருப்பது பிறகு தெரிந்தது. அதனால்தான் ஆளுக்கொரு கதை. மரபணு மாற்றத்தை எதிர்ப்பவர்கள் பாக்டீரியாவைக் கைகாட்டுகிறார்கள். ‘ப்ரோசாக்’ என்ற மன அழுத்த மாத்திரைக்கு 1987 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, அதற்கு வழிவிடத்தான் ட்ரிப்டோஃபனைத் தூக்கினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கதை சொல்றவங்க செத்துப்போனவங்களைப் பத்திப் பேசறதே இல்ல.

உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: தொழிற்சாலையில் செய்முறை மாறியது, அதைக் கடைக்கு வருவதற்கு முன் வெளியில் இருந்து யாரும் பரிசோதிக்கவில்லை. மருந்தாக இருந்தால் தயாரிப்பு முறையை மாற்றும்போது கணக்குக் காட்ட வேண்டும். இது மருந்து இல்லையே!

விபத்துக்குப் பிறகு வந்த சட்டம்

இவ்வளவு பெரிய விபத்துக்குப் பிறகு சட்டம் கடுமையாகியிருக்கும்னுதானே நினைப்பீங்க? நானும் அப்படித்தான் நினைச்சேன்.

எஃப்.டி.ஏ. கடுமையாக்கத்தான் பார்த்தது. எதிர்ப்பு வேறு பக்கம் கிளம்பியது. 1992 மே மாதம் வாஷிங்டன் மாநிலத்தில் வைட்டமின் சிகிச்சை தரும் ஒரு கிளினிக்கில் எஃப்.டி.ஏ. அதிகாரிகள் போலீசோடு சோதனை போட்டார்கள். அந்தக் காட்சி நாடு முழுக்கப் பரவியது. 1993-ல் ஒரு டிவி விளம்பரம்: ஆயுதம் ஏந்திய படை நடிகர் மெல் கிப்சன் வீட்டுக்குள் நுழைகிறது. அவர் கையில் இருப்பது வைட்டமின் சி டப்பா. “உங்க வைட்டமினை அரசாங்கம் பிடுங்கப் போகுது” என்ற பயம் வேலை செய்தது. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குக் கடிதங்கள் குவிந்தன. யூட்டா மாநில செனட்டர் ஆரின் ஹாட்ச், அயோவாவின் டாம் ஹார்கின், இரு கட்சியைச் சேர்ந்த இருவரும் சேர்ந்து ஒரு சட்டத்தை முன்னால் தள்ளினார்கள்.

1994 அக்டோபர் 25 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்துப் போட்டார். நியூ மெக்ஸிகோவில் இருந்து முதல் தகவல் வந்து சரியாக ஐந்து வருஷத்துக்கு ஐந்து நாள் குறைவு.

சட்டம் சொன்னது இதுதான். சப்ளிமென்ட் என்பது உணவு வகை. விற்பதற்கு முன் அது வேலை செய்கிறது என்று யாரும் நிரூபிக்க வேண்டாம். ஆபத்தானது என்றால் அதை நிரூபிக்க வேண்டியது எஃப்.டி.ஏ.வின் பொறுப்பு. ‘இன்ன நோயைக் குணமாக்கும்’ என்று போடக்கூடாது, ஆனால் ‘நல்ல உறக்கத்துக்கு உதவும்’ என்கிற மாதிரி போடலாம். கூடவே, இதை எஃப்.டி.ஏ. மதிப்பிடவில்லை என்று சின்னதாக ஒரு வரி. அப்போது அமெரிக்கச் சந்தையில் சுமார் 4,000 சப்ளிமென்ட்கள் இருந்ததாகக் கணக்கு. இன்று பல பத்தாயிரம்.

எதிர்த்தவர்கள் எல்லோரும் கம்பெனிக்காரர்கள் இல்லை. என் உடம்புக்கு எது வேண்டும் என்று நான் முடிவு செய்யக்கூடாதா என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் 37 பேர் இறந்தது அவர்கள் எடுத்த முடிவு தப்பு என்பதால் இல்லை. டப்பாவில் போட்டிருந்த பொருளோடு போடாத பொருளும் உள்ளே இருந்ததால். அதைத் தடுக்கிற தயாரிப்புத் தர விதிகள் வர 2007 ஆனது. கடுமையான பக்கவிளைவு வந்தால் கம்பெனி அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்ற சட்டமே 2006-ல்தான் வந்தது.

ரோட்டின் கடைசி ஸ்டாப்

ட்ரிப்டோஃபன் கடையில் இல்லை. காலியான அந்த ஷெல்ஃபில் யார் வந்து உட்கார்ந்தது? அதே ரோட்டில் கடைசியில் இருந்த மெலடோனின்.

அதை 1958-ல் கண்டுபிடித்த ஆரன் லெர்னர் தூக்கத்தைத் தேடவே இல்லை. யேல் பல்கலைக்கழகத்தின் தோல் மருத்துவரான அவர், வெண்புள்ளிக்கு உதவுமா என்று பார்க்க, மாட்டு மூளையின் பினியல் சுரப்பிகளைச் சேர்த்து, தவளைத் தோலின் நிறத்தை வெளுக்க வைக்கும் ஒரு பொருளைப் பிரித்தார். அது இருட்டு நேரத்தில் நம் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் என்பது பிறகு தெரிந்தது.

1994-ல் நம்ம வர்ட்மன் திரும்ப வந்தார். அவருடைய குழு 20 இளைஞர்களுக்குப் பகலில் 0.1 முதல் 10 மில்லிகிராம் வரை மெலடோனின் கொடுத்துப் பார்த்தது. மிகக் குறைந்த அளவே தூக்கத்தைக் கொண்டுவரப் போதுமானதாக இருந்தது. ஆனால் கடைக்கு வந்தது 3, 5, 10 மில்லிகிராம் மாத்திரைகள். பிரிட்டனில் டாக்டர் சீட்டு வேண்டிய ஹார்மோன், புதிய சட்டத்தால் அமெரிக்காவில் மளிகைக் கடைச் சாமான் ஆனது.

2023-ல் அமெரிக்காவில் 25 மெலடோனின் கம்மீஸ் பிராண்டுகளை வாங்கிப் பரிசோதித்தார்கள். 22-ல் லேபிள் ஒன்று சொல்ல, உள்ளே வேறொரு அளவு. சொன்னதில் 74 சதவீதத்தில் இருந்து 347 சதவீதம் வரை. ஒன்றில் மெலடோனினே இல்லை. 2017-ல் கனடாவில் 31 பொருட்களைப் பார்த்தபோது எட்டில், லேபிளில் இல்லாத செரட்டோனின் இருந்தது. 1989-ல் மாட்டிய அதே ஓட்டை இன்னும் அடைபடவில்லை.

ட்ரிப்டோஃபனும் 2000-களில் தடை தளர்ந்து மறுபடி கடைக்கு வந்துவிட்டது. மூடுக்கு வேலை செய்யுமா? 2002-ல் காக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் ட்ரிப்டோஃபன் பற்றியும் அதன் நெருங்கிய உறவான 5-எச்.டி.பி. பற்றியும் வந்த 108 ஆய்வுகளைச் சலித்தார்கள். தரத்தில் தேறியவை 2. அவற்றில் இருந்தவர்கள் மொத்தம் 64 பேர். டம்மி மாத்திரையைவிடப் பலன் தெரிந்தது, ஆனால் இதை நம்பி முடிவு சொல்ல முடியாது என்றார்கள். நூறு வருஷமாகத் தெரிந்த ஒரு பொருளுக்கு நம்மிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

உங்க ஷெல்ஃப்

இப்போ எழுந்து உங்க டப்பாவைத் திருப்பிப் பாருங்க. நம்ம ஊரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-ல் கொண்டுவந்த விதிப்படி சப்ளிமென்ட் டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற பொருளில் ஒரு வரி இருக்கணும். நாம அதை ‘மருந்து மாதிரி ஆபத்து கிடையாது’ன்னு படிக்கிறோம். அது சொல்றது வேற: மருந்துக்குக் கேட்கிற ஆதாரத்தை இதுக்கு யாரும் கேட்கலை.

எல்லாத்தையும் குப்பையில் போடுங்கன்னு நான் சொல்லல. என் ஷெல்ஃபிலும் ஒரு டப்பா இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்றேன். மன அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவங்க, ட்ரிப்டோஃபனோ 5-எச்.டி.பி.யோ தானா சேர்த்துக்காதீங்க. ரெண்டும் சேர்ந்து செரட்டோனினை ஏத்தினா, நடுக்கம், காய்ச்சல், படபடப்புன்னு ஆஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய் விட்டுடும்.

அடுத்த தடவை டாக்டர் “வேற ஏதாவது எடுத்துக்கறீங்களா?”ன்னு கேட்டா, டப்பாவையே போட்டோ எடுத்துக் காட்டிடுங்க. லாட் எண் தெரியற மாதிரி.

அடுத்த எபிசோடில் பார்ப்போம். தூக்கம் வராம இதைக் கேட்டுக்கிட்டு இருந்தவங்க, போனை வெச்சிட்டு லைட்டை அணைங்க. குட் நைட்.